அந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது யார்?

மே மாதம் பிறந்துவிட்டால் ஹைஸ்கூல் முடிக்கும் பிள்ளைகள் உள்ள மிச்சிகன் வீடுகளில் ஒரே பேச்சுதான்: டார்ம், அதாவது கல்லூரி விடுதி. எங்கள் வீட்டிலும் போன வாரம் அந்த ஃபார்ம் திறந்தது. எந்தக் கட்டடம், அறைக்கு எத்தனை பேர், இரவு எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்று வரிசையாகக் கேள்விகள். மகள் கடகடவென்று பதில் போட்டுக்கொண்டே வந்தாள். 'சப்ஸ்டன்ஸ் ஃப்ரீ தளத்தில் தங்க விருப்பமா?' என்ற இடத்தில் கை நின்றது. பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நான், "இதுல என்னடி யோசனை, டிக் அடி" என்றேன். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

தெரியாதவர்களுக்காக: மது, சிகரெட், வேப், கஞ்சா எதுவும் இந்தத் தளத்துக்குள் வராது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தங்கும் விடுதிப் பகுதி இது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1989லேயே தொடங்கிவிட்டது. இன்று பல கல்லூரிகளில் உண்டு. சில இடங்களில் 'வெல்னஸ்' என்று நாசூக்காகப் பெயர் வைத்திருக்கிறார்கள். குடியிலிருந்து மீண்டு வரும் மாணவர்களுக்கான விடுதி வேறு. அதை ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988ல் தொடங்கியது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, "ஐயோ, அங்கேயா சேர்க்கறீங்க?" என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மகள் கேட்டாள். "அம்மா, 21 வயசு ஆகாம குடிக்கிறதே சட்டப்படி தப்பு. அப்போ ஃபர்ஸ்ட் இயர் பசங்க தங்குற ஃபிரெஷ்மென் டார்ம் எல்லாமே சப்ஸ்டன்ஸ் ஃப்ரீதானே? தனியா ஒரு ஃப்ளோருக்கு எதுக்கு அந்தப் பேரு?"

நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேள்வி நியாயம்தான். 21 வயது என்று வைக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு விழும் என்று 1984ல் மத்தியச் சட்டமே போட்டாயிற்று. கஞ்சாவை மிச்சிகன் மக்கள் 2018ல் ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள், அதுவும் 21 வயதுக்கு மேல்தான். மத்திய அரசின் பணம் வாங்கும் கல்லூரி வளாகத்துக்குள் எந்த வயதானாலும் கூடாது. (நம் ஊரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வரும் பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள். தெருவுக்குத் தெரு கஞ்சாக் கடை இருக்கிறதே, பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். விசாவைப் பார்ப்பது மத்திய அரசு.) ஆக, காகிதத்தில் பார்த்தால் ஒவ்வொரு ஃபிரெஷ்மென் டார்மும் மடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பொதுக் குளியலறைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

அக்கா மகள் இருந்தது சாதாரண டார்மில். குடிக்காத பெண். முதல் வருடம் அவள் எனக்குப் போன் செய்ததெல்லாம் நடுராத்திரிக்கு மேல்தான். பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, மணி இரண்டு, மூன்றாவது மாடியில் எவனோ புகைத்ததில் ஃபயர் அலாரம் அடித்துவிட்டது. கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் வெளியே. நைட்டி மேலே கோட்டு, காலில் ரப்பர் செருப்பு, சுற்றிலும் பனி. தீயணைப்பு வண்டி வந்து சோதித்து முடிக்கும்வரை நடுங்கிக்கொண்டே என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த செமஸ்டரில் அது நான்காவது முறையாம். ரூம்மேட் நல்ல பெண், ஆனால் வெள்ளிக்கிழமை ஆனால் குடித்துவிட்டு வருவாள். வாந்தி எடுக்கும்போது முடியைப் பிடித்துக்கொள்வது, குப்பைத் தொட்டியைக் கழுவுவது, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே விடியவிடிய உட்கார்ந்திருப்பது எல்லாம் இவள் வேலை. திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி தேர்வு இருந்தாலும்.

சப்ஸ்டன்ஸ் ஃப்ரீ என்றதும் நம் பெற்றோர் 'கெட்டுப்போகாமல் இருப்பது' என்று ஒழுக்கக் கணக்குப் போடுகிறார்கள். என் கணக்கு தூக்கம். அடுத்தவர் குடிக்கு நம் பிள்ளை ஏன் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும்? ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஹென்றி வெக்ஸ்லர் குழு 2001ல் வெளியிட்ட ஆய்வும் இதைப் பார்த்திருக்கிறது. இந்த விடுதிகளில் இருப்பவர்கள் மூக்குமுட்டக் குடிப்பது குறைவு, அடுத்தவர் குடியால் படும் தொல்லையும் குறைவு. ஆனால் தளம் பிள்ளைகளை மாற்றியதா, ஏற்கெனவே குடிக்காத பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்ந்தார்களா? பெரும்பாலும் இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. அப்படியென்றால் அம்மா டிக் அடித்துப் பிரயோஜனமே இல்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பாவே டிக் அடித்தார். மகனின் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், அவனுக்குத் தெரியாமல். பையன் தண்ணீர் பாட்டிலில் வோட்கா ஊற்றி எடுத்துப்போனான். அக்டோபருக்குள் மாட்டிக்கொண்டான், வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். எனக்கு மனது ஆறாதது அவனுடைய ரூம்மேட்டை நினைத்துத்தான். அந்தப் பையன் வீட்டில் அப்பா குடிகாரராம். பதினெட்டு வருடம் அந்த வாசனையோடு வளர்ந்தவன், நாலு வருடமாவது அது இல்லாத ஓர் அறை வேண்டும் என்று தானே தேடி எழுதிக் கொடுத்து வந்தவன். அவன் கட்டிலுக்கு நாலடி தள்ளி அந்த பாட்டில்.

அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்றால், இல்லை. நம் வார இறுதி கெட்-டுகெதர் எப்படி நடக்கும்? மேலே கிச்சனில் பெண்கள், கீழே பேஸ்மென்டில் ஆண்கள். எங்கள் வீட்டு பேஸ்மென்டிலும் சின்னதாக ஒரு பார் உண்டு, சிங்கிள் மால்ட் வரிசையாக நிற்கும். எல்.கே.ஜி. வயதிலிருந்தே பிள்ளைகள் "அங்கிள், இந்தாங்க சிக்கன் 65" என்று தட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனவர்கள்தான். யார் எத்தனையாவது ரவுண்டில் பாட ஆரம்பிப்பார் என்றுகூட என் மகளுக்குத் தெரியும். அப்படியிருக்க நாம் "டிக் அடி" என்று சொன்னால் லேப்டாப்பை மூடாமல் என்ன செய்வாள்? அவர் இதைப் படித்துவிட்டு முறைப்பார், பரவாயில்லை.

மறுநாள் நான் வாயைத் திறக்கவில்லை. அவளே சீனியர் பெண் ஒருத்திக்கு மெசேஜ் அனுப்பி விசாரித்தாள். அவள் கேட்ட கேள்விகள் எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே பார்ட்டிக்குப் போய்விட்டு வந்தால் தவறா, அல்லது உள்ளே கொண்டுவந்தால் மட்டும் தவறா? (கல்லூரிக்குக் கல்லூரி இது மாறுகிறது. சில இடங்களில் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்தாலே ஒப்பந்த மீறல்.) ஒப்பந்தத்தை மீறினால் முதலில் ஆர்.ஏ. (தளத்தைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவர்) பேசுவாரா, நேரே வெளியேற்றமா? கட்டடம் வளாகத்தின் கோடியில் இருக்கிறதா? அங்கே இருக்கிறவர்களை மற்றவர்கள் சாமியார்கள் என்று கேலி செய்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு அந்த சீனியர் "முதல் ரெண்டு வாரம்" என்று பதில் போட்டிருந்தாள்.

நேற்று ராத்திரி டிக் அடித்தாள். காரணம் கேட்ட இடத்தில் ஒரே வரி: 'நான் பத்தரைக்குத் தூங்கிவிடுவேன்.' ஃபார்மை அனுப்பிவிட்டு எனக்கு ஒரு நிபந்தனையும் போட்டாள். தமிழ்ச் சங்க பிக்னிக்கில் போய் "என் பொண்ணு சப்ஸ்டன்ஸ் ஃப்ரீ" என்று ஒருத்தரிடமும் பெருமை பேசக்கூடாதாம். சத்தியம் செய்துகொடுத்தேன். முகநூலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.