பவுடர் கலந்தால் மட்டும் வோல்ட் குறையாது

"சிலிகான் ரப்பரில் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் பவுடரைக் கலந்துவிட்டால் செயற்கைத் தசை குறைந்த வோல்ட்டிலேயே இயங்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செயற்கைத் தசை என்று இங்கே சொல்வது, இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து வோல்ட் கொடுத்தால் நசுங்கி விரியும் ரப்பர் படலத்தை. பாதி உண்மைதான், மீதிப் பாதி ஆளைத் தவறான பக்கம் இழுத்துவிடும்.

படலம் எவ்வளவு நசுங்கும் என்பது மின்காப்பு மாறிலியை (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதன் அளவு) மட்டும் பொறுத்ததல்ல. அதை யங் குணகத்தால், அதாவது ரப்பரின் விறைப்பால், வகுத்து, மின்புலத்தின் (வோல்ட்டைத் தடிமனால் வகுத்தது) வர்க்கத்தால் பெருக்க வேண்டும். பவுடரின் மாறிலி ஆயிரத்தைத் தாண்டலாம். ஆனால் கன அளவில் 20 சதவீதம் கலந்தாலும், வழக்கமான கலவைக் கணக்குப்படி சிலிகானின் மாறிலி 3-லிருந்து சுமார் 5 ஆகத்தான் உயரும். ஏனென்றால் மின்புலம் துகளுக்குள் போகாமல், அதைச் சுற்றியுள்ள ரப்பரில்தான் குவிகிறது. அதே 20 சதவீதத்தில் விறைப்போ ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். கூட்டிக் கழித்தால் நஷ்டம்! துகள்கள் கட்டிதட்டிய இடத்தில் மின்முறிவும் (படலத்தைத் துளைத்து மின்சாரம் பாய்வது) சீக்கிரம் வரும், அது தனித் தலைவலி.

வோல்ட்டைக் குறைக்க நேர்வழி தடிமன்தான். 1 மெகாபாஸ்கல் விறைப்புள்ள சாதாரண சிலிகானில், 50 மைக்ரான் படலத்துக்கு 2,500 வோல்ட் கொடுத்தால் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் நசுங்கும். 25 மைக்ரானுக்கு 1,250 வோல்ட் போதும். விசை குறைந்தால் பல படலங்களை அடுக்கிக்கொள்ளலாம்.

மாறிலியைத்தான் உயர்த்த வேண்டுமென்றால், முனைவுத்தன்மையுள்ள (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம் சாய்ந்த) அணுத் தொகுதிகளை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியிலேயே வேதிமுறையில் ஒட்டுவது மேல். துகள் இல்லாததால் ரப்பர் மென்மையாகவே இருக்கும். ஆனால் அங்கேயும் படலத்தின் வழியே கசியும் மின்னோட்டத்தை அளந்து பார்க்காமல் நம்பிவிடாதீர்கள்.