வாசல் கட்டணம் வேறு, நகல் கட்டணம் வேறு

அரசு அலுவலகங்களிடம் தகவல் கேட்கும் விண்ணப்பங்களுக்குக் கட்டணம் வைத்தால் வெட்டி மனுக்கள் குறையும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. குறையும்தான். ஆனால் எது குறைகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

அயர்லாந்து இதைச் செய்து பார்த்த நாடு. 2003-இல் தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தி விண்ணப்பத்துக்கு 15 யூரோ வைத்தார்கள். சரி, அதோடு விட்டார்களா? பதில் திருப்தி இல்லை என்று அதே அலுவலகத்தில் மறுபரிசீலனை கேட்டால் 75, தகவல் ஆணையரிடம் போனால் 150. அதாவது அதிகாரி தப்பாக மறுத்தாலும் செலவு கேட்டவர் தலையில்! விண்ணப்பங்கள் மளமளவென்று சரிந்தன. 2014-இல் புதுச் சட்டம் வந்தபோது அந்த 15 யூரோவையே எடுத்துவிட்டார்கள், மேல்முறையீட்டுக் கட்டணங்களும் குறைந்தன.

நகல் எடுக்கும் செலவு வேறு விஷயம், அதை நான் எதிர்க்கவில்லை. 1766-லேயே அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிய ஸ்வீடனில் ஆவணத்தை நேரில் போய்ப் படிக்கக் காசு இல்லை. நகல் கேட்டால்கூட முதல் 9 பக்கம் இலவசம்.

இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது பிரிவு 7(6). கெடு தாண்டிப் பதில் தந்தால் தகவலை இலவசமாகவே தர வேண்டும். தாமதத்துக்கு அலுவலகமும் கொஞ்சம் விலை கொடுக்கட்டுமே. கட்டுரையாளர் இந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. அப்புறம், வெட்டி மனு எது என்று தீர்மானிப்பது யார்? பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டிய அதே அலுவலகம்தானே.