ஓட்டை பார்க்கிறவள் கேட்கிறேன்

மலேசியாவில், ஒரு கையுறைத் தொழிற்சாலையில் 11 வருடமாகக் க்யூசி, அதாவது தரம் பார்க்கும் வேலை பார்க்கிறேன். கையுறையைக் குழாயில் மாட்டி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடம் தொங்கவிட்டு எங்காவது சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வெறும் கண்ணுக்கு எல்லாக் கையுறையும் நல்ல கையுறைதான். தண்ணீர் இறங்கிய பிறகுதான் விரலிடுக்கில் ஓட்டை இருப்பது தெரியும்.

போன வருடம் ஜூன் மாதம் எனக்கு இடது மார்பில் அறுவை நடந்தது. அப்புறம் கீமோ ஆறு தடவை, அதற்கப்புறம் ரேடியோதெரபி 15 நாள். விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்னம்மா செய்யுற?" நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்). என்னைப் படுக்க வைத்தது ஆஸ்பத்திரி பில் இல்லை. சம்பளம் நின்றதுதான்.

அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. ஓவர்டைம் செய்தால் 2,300 வரை வரும். எம்சி (மருத்துவ விடுப்பு) போட்ட முதல் நாளே அந்த 600 போய்விட்டது, எம்சியில் ஓவர்டைம் ஏது? எங்கள் ஊர் கோலக்கெட்டிலிலிருந்து பினாங்கு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போன நாளெல்லாம் வீட்டுக்காரருக்கும் சம்பளம் இல்லை. அவர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர், டன் கணக்கில் கூலி. ஒருத்திக்கு நோய், இரண்டு சம்பளம் போச்சு. என் அம்மா பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்தில் விடிகாலையில் மழை பிடித்தால் பட்டை நனைந்துவிடும், அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. "இப்ப எல்லாம் மாசச் சம்பளம், உங்களுக்கென்ன" என்று என்னிடம் எப்போதும் சொல்லும். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று நோய் வந்த பிறகுதான் படித்தேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்தில் 22 நாள் சம்பளத்தோடு எம்சி. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நோய் என்றால் தனியாக 60 நாள். முன்பு எல்லாம் சேர்த்தே 60தான். 2023 ஜனவரியிலிருந்துதான் இரண்டும் வேறு வேறு கணக்கு. ஆக எனக்கு 82 நாள். கேட்க நிறைய மாதிரித் தெரியும்.

ஆனால் எச்ஆரில் என் கீமோவைச் சாதாரண எம்சியாகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். காலையில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புகிறேன் அல்லவா, "வார்டில் படுக்கலையே அக்கா" என்றது அந்தத் தங்கச்சி. 22 நாளும் தீர்ந்ததும் நோ பே லீவு என்றார்கள். முன்பு தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்த எங்கள் மாமா ஒருவர்தான் அந்தச் சட்டத்தின் 60எஃப் பிரிவைப் பிரித்துக் காட்டினார். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும். என்ன காரணத்தால் சேராமல் இருந்தாலும், சட்டத்தின் கணக்கில் அவர் சேர்ந்தவர்தான். டாக்டரிடம் கேட்டு அப்படியே எழுதி வாங்கினேன், அவர் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தப் பதிவில் வேறெதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 60 நாளும் செப்டம்பர் நடுவில் தீர்ந்தது. எனக்கு இன்னும் மூன்று கீமோ பாக்கி. டிசம்பர் கடைசி வரை சம்பளச் சீட்டில் பூஜ்யம். புது வருடம் பிறந்ததும் எம்சி கணக்கும் புதிதாகத் தொடங்கியது. ரேடியோதெரபி ஜனவரியில் விழுந்ததை நான் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இருக்கிறதே என்பீர்கள். எனக்கும் அதே நினைப்புதான், மாதா மாதம் பிடிக்கிறார்களே. போய் விசாரித்தேன். வேலையிடத்தில் அடிபட்டு எம்சியில் இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தருவார்கள். மார்புப் புற்றுநோய் வேலையிடத்து விபத்து இல்லை. அடுத்து பென்ஷன் இலாட், நோயால் இனி வேலைக்கு ஆகாதவருக்குச் சொக்சோ தரும் பென்ஷன். கடைசி 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருந்தால் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை மாதா மாதம் கிடைக்கும். ஆனால் இனிக் குணமாகாது, நல்ல உடம்புக்காரர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இவரால் சம்பாதிக்க முடியாது என்று டாக்டர்கள் குழு முடிவு செய்ய வேண்டும். கவுன்டரில் இருந்த மலாய் அக்கா என் பேப்பரை நிதானமாகப் படித்துவிட்டு, "கக்காக் மாசிஹ் போலே கெர்ஜா, கான்?" என்றார். இன்னும் வேலை செய்ய முடியும்தானே என்று. முடியும்தான். டாக்டரும் குணமாகும் என்றுதான் சொல்கிறார். நான் பொய்யா சொல்ல முடியும்?

என் வழக்கே அங்கேதான் இருக்கிறது. இந்த நாட்டுச் சட்டத்துக்கு இரண்டு வகை ஆட்களைத்தான் தெரியும்: நல்லவராக வேலைக்கு வருகிறவர், இனி வேலைக்கே ஆகாதவர். நடுவில் எட்டு மாதம், பத்து மாதம் முடியாமல் கிடந்து எழுந்து வருகிறவருக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. வேலை போனவருக்கு 2018 முதல் வேலைக் காப்புறுதி இருக்கிறது. வேலை கையில் இருக்கும்போதே நோயில் விழுந்தவருக்கு அப்படி ஒன்று இல்லை. எங்கள் ஊரிலிருந்து பாலிங்கைத் தாண்டினால் தாய்லாந்து எல்லை. அங்கே சமூகப் பாதுகாப்பு நிதி, நோயில் கிடக்கும் தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம் தருகிறது. ஒரு தடவைக்கு 90 நாள், வருடத்துக்கு 180 நாள், புற்றுநோய் மாதிரி நீண்ட நோய்க்கு 365 நாள் வரை. உச்சவரம்பெல்லாம் உண்டு, இருக்கட்டும். பாதிச் சம்பளம் வந்திருந்தால் மகளின் தோட்டை அடகு வைத்திருக்க மாட்டேன்.

காப்புறுதி ஏஜண்டுகளிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எனக்கு எடுத்துக் கொடுத்தவர் தம்பி முறை. "எல்லாம் கவர் ஆகும்க்கா" என்றார். கையில் இருந்தது மெடிக்கல் கார்டு. அது ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும், வீட்டு வாடகை கட்டாது. கூடவே ஒரு சலுகை, வார்டில் படுக்கும் ஒவ்வொரு இரவுக்கும் 100 வெள்ளி. கீமோவுக்கு ஏது இரவு? தீவிர நோய்க் காப்புறுதி என்று இருப்பது வேறு. நோய் உறுதியானதும் ஒரே தொகையாகக் கையில் வரும், அதை அரிசிக்கும் செலவழிக்கலாம். அதிலும் பெரும்பாலான பாலிசிகளில் புற்றுநோய்க்கு முதல் 60 நாள் பாதுகாப்பு இல்லை, பரவாத ஆரம்பக் கட்டத்தைச் சேர்ப்பதும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் வீட்டில் படுத்துக் கிடந்தால் மாசம் எவ்வளவு வரும், தம்பி?" பதில் உடனே வராது, பாருங்கள்.

இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) மருத்துவத்துக்கென்று எடுக்கும் பணம் மருத்துவச் செலவுக்கு மட்டும்தான். குடும்பச் செலவுக்கு எப்போது வேண்டுமானாலும் எடுக்க விடும் ஃபிளெக்சிபல் கணக்கைத்தான் வழித்து எடுத்தேன். குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்கத்தின் பீகா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முழுதாக முடிப்பவருக்கு 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகை உண்டு, போக்குவரத்துக்கும் கொஞ்சம். தகுதி இருந்தால் விடாதீர்கள். அப்புறம் கூட்டு, எல்லோரும் மாதா மாதம் பணம் போட்டு, மாதம் ஒருவர் மொத்தமாக எடுப்பது. அந்த மாதம் சீட்டு யார் பெயருக்கோ இருந்தது. பக்கத்து வரிசை அக்காக்கள் பேசி எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கூட்டு நடத்துவது சட்டப்படி தப்பு, தெரியும். சட்டம் எட்டிப் பார்க்காத மாதங்களில் என் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பினேன். "இவ்வளவு சீக்கிரமா? பெரிய போராளிங்க நீங்க" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். போராளியும் இல்லை, ஒன்றும் இல்லை, கூட்டுப் பணம் கட்ட வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. தொழிற்சாலை பஸ்ஸில் என் பழைய சீட்டில் உட்கார்ந்தபோது அழுகை வந்தது, அது காசுக்காக வந்ததில்லை. எட்டு மாதமாக எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் தலைத்துணியையே பார்த்துப் பேசினார்கள். பஸ்ஸில் ஏறியதும் ஒருத்தி, "அக்கா, உன் டப்பாவில என்ன குழம்பு?" என்றாள்.

முதல் நாள் வேலை அவ்வளவு இனிக்கவில்லை. அறுவையில் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டார்கள். இடது கையில் பாரம் தூக்காதே, ஊசி போடவிடாதே, பிரஷர்கூடப் பார்க்கவிடாதே என்று மிஸ்ஸி (நர்ஸ்) படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தண்ணீர் நிறைந்த கையுறை ஒரு கிலோ. ஒரு ஷிப்டில் எத்தனை தடவை கை தூக்குகிறேன் என்று 11 வருடமாக எண்ணியதே இல்லை, அன்றைக்கு எண்ணினேன். மதியத்துக்குள் கை வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. சோப்புப் போட்டுக் கழற்றிப் பையில் வைத்தேன், இன்னும் போடவில்லை.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். பேக்கிங் பக்கம் ஸ்டூல் போட்டு எண்ணும் வேலை கொடுத்தார். எல்லாம் வாய்ச்சொல், அவர் ஷிப்ட் மாறினால் நான் மறுபடி குழாயடிக்குத்தான். வேலை விபத்தில் அடிபட்டவர்களையும் இலாட்டுக்கு விண்ணப்பித்தவர்களையும் வேலைக்குத் திருப்பிக் கொண்டுவர சொக்சோவில் 2007 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. ஆள் போட்டு முதலாளியிடமே பேசுகிறார்கள். எங்களுக்கும் அப்படி ஒருவர் வந்து பேசினால் என்ன?

இப்போதைக்கு எனக்கு இருப்பது அதே வேலைச் சட்டத்தின் 60பி (60P), 60க்யூ (60Q) பிரிவுகள். வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். நாளைக்கு ஆறு மணி நேரம், ஓவர்டைம் வேண்டாம், தண்ணீர்ச் சோதனை வேண்டாம் என்று மகள் மலாயில் டைப் செய்து கொடுத்தாள். எச்ஆர் தங்கச்சி வாங்கி, நகலில் சாப் (முத்திரை) குத்தித் தந்தது.

இன்றோடு 38 நாள் ஆகிறது.