அக்‌ஷய் குமார் அடித்தது அசல் அண்டர்டேக்கரை அல்ல

"1996ல் நிஜ அண்டர்டேக்கரையே தூக்கிப் போட்டவர் அக்‌ஷய் குமார்" என்று ஒரு வீடியோத் துண்டு வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. தகவல் தவறு. அண்டர்டேக்கர் என்பது அமெரிக்க டிவி மல்யுத்தத்தில் (WWE) புகழ்பெற்ற ஒரு வீரரின் மேடைப் பெயர்.

அந்தக் காட்சி 'கிலாடியோன் கா கிலாடி' என்ற இந்திப் படத்தில் வருவது. அதில் அண்டர்டேக்கராக நடித்தவர் பிரையன் லீ என்ற மல்யுத்த வீரர். அசல் அண்டர்டேக்கரான மார்க் கேலவே அந்தப் படத்தில் இல்லை. இதை அக்‌ஷய் குமாரே, படத்துக்கு 25 ஆண்டுகள் நிறைந்த 2021 ஜூனில், தன் ட்விட்டர் பக்கத்தில் எழுதியிருக்கிறார். தேடினால் கிடைக்கும்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1994 தொடக்கத்தில் முதுகுக் காயத்தால் கேலவே சில மாதங்கள் ஒதுங்கியிருந்தார். அப்போது அதே கறுப்புத் தொப்பி, நீளக் கோட்டுடன் லீயைப் 'போலி அண்டர்டேக்கராக' டிவி மல்யுத்த நிகழ்ச்சியில் இறக்கினார்கள். அந்த ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த 'சம்மர்ஸ்லாம்' என்ற மல்யுத்த நிகழ்ச்சியில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். கையுறையைக் கவனியுங்கள்: ஊதா போட்டவர் அசல், சாம்பல் நிறம் போட்டவர் லீ. ஜெயித்தது அசல்தான்.

படத்தில் அடி வாங்கி விழுந்து உழைத்த லீயின் பெயர் யாருக்கும் தெரியாமலே போவதுதான் எனக்கு வருத்தம். தயவுசெய்து அந்த வீடியோவை இனி ஃபார்வர்டு செய்யாதீர்கள். குழுவில் யாராவது போட்டால், அக்‌ஷய் குமாரின் பதிவைப் பதிலாக அனுப்புங்கள்.