குளோஸ் பண்ணணும், எதை?

அம்மாவின் பிக்சட் டெபாசிட் என்றைக்கு முதிர்கிறது என்று பார்க்கத்தான் வங்கி ஆப்பைத் திறந்தேன். தேதி பார்த்தாயிற்று, வெளியே வரவேண்டும். கீழே பெரிதாக ஒரு நீலப் பட்டன்: ‘குளோஸ்’. அமுக்கினேன். திரையை மூடும் என்று நம்பியது என் குற்றம். அது டெபாசிட்டை மூடுகிற பட்டனாம்!

உடனே ஒரு பெட்டி. ‘கோரிக்கையைத் தொடர விரும்புகிறீர்களா?’ எந்தக் கோரிக்கை? மூச்சு விடவில்லை. கீழே ‘யெஸ்’, ‘கேன்சல்’. கேன்சலைத் தொட்டால் டெபாசிட்டையே கேன்சல் செய்துவிடுமோ என்று பயந்து, மகா ஜாக்கிரதையாக (அந்த ஜாக்கிரதையில் இடி விழ) யெஸ் கொடுத்தேன். ஓடிபி வந்தது. பால் பாக்கெட் வாங்கினாலும் ஓடிபி கேட்கிற காலம், கை தன்பாட்டுக்கு ஆறு இலக்கத்தையும் தட்டிவிட்டது.

‘வாழ்த்துகள்! டெபாசிட் வெற்றிகரமாக மூடப்பட்டது.’ பச்சை டிக், மேலிருந்து கலர் காகிதத் தூவல் வேறு. என்னய்யா வாழ்த்து? இன்னும் 40 நாளில் முதிர வேண்டிய பணம்! முன்கூட்டியே எடுத்தேனாம், வட்டியில் ஒரு சதவீதம் வெட்டு.

கிளைக்கு ஓடினேன். “நீங்கதானே சார் யெஸ் குடுத்திருக்கீங்க? யூசர் எரர்” என்றார் கவுன்டர் தம்பி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இந்த மாசம் நீங்க நாலாவது ஆளு.” நாலு பேர் ஒரே குழியில் விழுந்தால் நாலு பேருக்கும் கண் அவிந்துவிட்டதா? அந்தக் குழியை குளோஸ் பண்ணுங்கள்!

யூசர் எரராம். 2020இல் அமெரிக்காவின் சிட்டிபேங்க், ரெவ்லான் என்கிற அழகுசாதனக் கம்பெனி வாங்கிய கடனுக்கு 78 லட்சம் டாலர் வட்டி அனுப்பப் போய் ஏறக்குறைய 90 கோடி டாலரை அனுப்பிவைத்தது. திரையில் மூன்று கட்டங்களில் டிக் போட வேண்டியது, ஒன்று போதும் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று பேர் பார்த்து ‘சரி’ சொன்ன பிறகுதான் பணம் போனது. பாதிக்கு மேல் திரும்பாமல் 2022 வரை கோர்ட் கோர்ட்டாக அலைந்தார்கள். வங்கிக்காரர்களையே கவிழ்க்கிற திரை, கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிற என்னை விட்டுவைக்குமா?

“புகார் எழுதிக் குடுங்க சார், மேலே அனுப்புறோம்” என்றார் தம்பி. ஐந்து ரூபாய்ப் பேனா. யாரும் தெரியாத்தனமாக எடுத்துப் போய்விடக் கூடாதென்று கவுன்டரில் நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அதுவும் எழுதவில்லை.