ஆமாம், மண்டியிட்டேன்

பழைய காலத்து ராஜா வேடத்தில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரர் முன்னால் நான் மண்டியிட்டு விருது வாங்கும் அந்தப் படத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி ஊரிலிருந்து அத்தை போன் பண்ணி, "என்னடி, வெள்ளைக்காரன் கால்ல விழுந்தியாமே?" என்று கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. படம் எந்தெந்த வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது, மேலே என்ன எழுதிச் சுற்றுகிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இங்கே இருப்பவர்களிலேயே சிலர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். பார்த்தேன்.

சரி. ஆமாம், மண்டியிட்டேன். யாரும் என் தோளைப் பிடித்து அழுத்தவில்லை. எனக்குத் தெரியாமல் பல பேர் சேர்ந்து எனக்காகச் செய்த ஒரு மரியாதையை வாங்கிக்கொள்ள, முழு மனதோடு மண்டியிட்டேன். நான் கேட்கவில்லை. விண்ணப்பிக்கவில்லை. யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. என் வேலையைப் பார்த்தவர்கள் அவர்களாகவே கொடுத்தது அது.

படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். 1966 மே மாதம், கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் ஒரு வீட்டுப் பின்தோட்டத்தில் சில நண்பர்கள் பழைய காலத்து உடை போட்டுக்கொண்டு வாள் போட்டி நடத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் எஸ்.சி.ஏ. என்கிற சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம். இன்று உலகம் முழுக்க 20 'ராஜ்ஜியங்கள்'; பகுதிவாரிக் கிளைகளுக்கு அங்கே அப்படித்தான் பெயர். நான் இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ பகுதி ஈல்டர்மியர் ராஜ்ஜியத்தில் வருகிறது. 1998 வரை மிடில் கிங்டம் என்ற பெரிய ராஜ்ஜியத்தோடு இருந்து பிறகு தனியானது. பென்சில்வேனியாவில் 1972 முதல் நடக்கும் 'பென்சிக் போர்' என்ற எங்கள் பெரிய கூடுகைக்குக் கிட்டத்தட்ட 10,000 பேர் வந்து கூடாரம் போட்டுத் தங்குவார்கள். 1600க்கு முந்தைய காலத்தில் எப்படி நெய்தார்கள், எப்படிச் சமைத்தார்கள், எப்படிக் கவசம் அடித்தார்கள், எப்படி எழுதினார்கள் என்பதைக் கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளும் கூட்டம் இது. நான் அங்கே எழுதுகிறேன். விருது வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் பட்டயம் எழுதுகிறேன். இறகுப் பேனா, கோதிக் எழுத்து, ஓரங்களில் கொடியும் பூவும், தங்க ரேக்கு.

இனி அந்த 'வெள்ளைக்கார ராஜா' விஷயம்.

அவர் எப்படி ராஜாவானார் தெரியுமா? பிரம்பால் செய்த வாளோடு களத்தில் இறங்கி, ஒரு நாள் முழுக்க மோதி ஜெயித்து வந்தவர். அந்தச் சண்டையில் அடி சரியாக விழுந்ததா என்று தீர்ப்புச் சொல்ல நடுவர் கிடையாது. அடி வாங்கியவர்தான் "ஆமாம், பட்டது" என்று சொல்லி விழ வேண்டும். ஏமாற்ற நினைத்தால் ஏமாற்றலாம். ஏமாற்றினால் அடுத்த வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் ராஜ்ஜியத்தில் ஆட்சி ஏறத்தாழ ஆறு மாதம். அது முடிந்ததும் அதே மனிதர் அடுத்த ராஜா முன்னால் மண்டியிடுவார், அப்புறம் சமையல் கூடத்தில் பாத்திரம் கழுவுவார். முன்னாள் ராணி ஒருவரோடு சேர்ந்து நானே அண்டா தேய்த்திருக்கிறேன். மண்டியிடக் கீழே மெத்தை போட்டிருக்கும். முட்டி வலிக்காரர்கள் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ வாங்குவார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கு முட்டி நன்றாக இருக்கிறது. அதனால் மண்டியிட்டேன்.

'காலனிய அடிமை மனம்' என்று ஒரு நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். படித்தவர், அதனால்தான் அதிகம் வலித்தது. ஐயா, நாங்கள் எடுத்துக்கொள்ளும் காலம் 1600க்கு முன்னால் முடிகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. நாங்கள் வாழ்ந்து பார்க்கும் உலகத்தில் அந்தக் கம்பெனியே கிடையாது. அந்த உலகத்தில் நம் பக்கத்து மிளகுக்காக ஐரோப்பா காசைக் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே நான் எடுத்திருக்கும் வேடம் 11ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்ப் பெண். பெயரையும் சும்மா வைத்துக்கொள்ள முடியாது. பதிவு செய்ய வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெயர் இருந்ததற்குச் சான்று கேட்பார்கள். பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய பெண்களின் பெயரை, எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டி வைத்திருக்கிறான். அந்தக் கல்வெட்டு தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. அதைத்தான் ஆதாரமாகக் கொடுத்தேன். ஒரு கனடாக்காரர் உட்கார்ந்து 'நக்கன்' என்ற முன்னொட்டு ஏன் அத்தனை பெண்களின் பெயரிலும் வருகிறது என்று என்னிடம் சந்தேகம் கேட்டார். அடிமை மனம் என்று சொல்லும் நண்பரே, அந்த 400 பெயரில் ஒன்றையாவது நீங்கள் படித்திருக்கிறீர்களா?

'தமிழனுக்கு ராஜாவிடம் பட்டம் வாங்குவதெல்லாம் அந்நியம்' என்பவர்களுக்கும் அதே கோயிலில்தான் பதில் இருக்கிறது. அதைக் கட்டிய தச்சனின் பெயர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். ராஜராஜன் தன் பெயரையே அவருக்குப் பட்டமாகக் கொடுத்தான். தொல்காப்பியம், படையெடுப்பைப் பாடும் வஞ்சித் திணையின் துறைகளில் 'மாராயம் பெற்ற நெடுமொழி' என்று ஒன்றைத் தனியாகச் சொல்கிறது. அரசனிடம் சிறப்புப் பெற்றவன் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. வெட்கப்பட வேண்டிய விஷயமாக இருந்தால் அதற்கு ஒரு துறை வகுத்திருக்க மாட்டார்கள். இந்தப் பதிவை என் நெடுமொழி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

'பெரியவர்கள் வேடம் போட்டு விளையாடுகிறார்கள், அதில் என்ன விருது' என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கிரிக்கெட்டும் விளையாட்டுதான்.

அந்தச் சாயங்காலம் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படத்தில் அது இல்லை.

எனக்குக் கிடைத்தது அவார்ட் ஆஃப் ஆர்ம்ஸ். பெரிய விருது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. முதல் படி அது. இனி என்னை 'லேடி' என்று அழைப்பார்கள், எனக்கென்று ஒரு சின்னம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே எத்தனையோ இருக்கிறது. வெள்ளைக் கச்சை கட்டும் நைட்டுகள், கலைக்காக லாரல், சேவைக்காகப் பெலிக்கன். அந்த இடத்துக்கெல்லாம் வர இருபது வருஷம் உழைத்தவர்களும் உண்டு. ஆனால் எந்தப் படியானாலும் தொடங்கும் விதம் ஒன்றுதான். நம் வேலையைக் கவனித்த யாரோ ஒருவர் உட்கார்ந்து ராஜா ராணிக்குக் கடிதம் எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நமக்காக நாமே எழுதிக்கொள்வது வழக்கமில்லை. அந்தக் கடிதங்கள் சேர்ந்து, முடிவாகி, பட்டயம் தயாராகி, சபையில் பெயர் கூப்பிடும் வரை உரியவருக்குத் தெரியக் கூடாது. தெரியாமல் வைத்திருப்பதில் அங்கே எல்லோருக்கும் அப்படி ஓர் ஆனந்தம்.

எனக்குத் தெரியாமல் வைப்பதுதான் கஷ்டம். ஏனென்றால் யாருக்கு என்ன விருது என்று பட்டயம் எழுதுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்குச் சபையில் வழங்க வேண்டிய பட்டயங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும் வேலையே என்னுடையதுதான். பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்திருந்தேன். கட்டியக்காரர் பட்டியலில் இல்லாத ஒரு பெயரை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இந்தப் பட்டயம் எங்கே விட்டுப்போயிற்று என்று நான் பதறிப்போய் அட்டைக்குள் தேடிக்கொண்டிருந்தேன். என் மகள் வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அது என் பெயர் என்று உறைத்தது.

பட்டயத்தை எழுதியது யார் தெரியுமா? எழுத்துக் கூடுகைகளில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதும் தோழி. அவருக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. தங்க ரேக்கு ஒட்டும்போது அடிப்பூச்சின் மேல் வாய்க்காற்றை மெதுவாக ஊதி ஈரமாக்க வேண்டும்; மூச்சு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தங்கம் பிடிக்காது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். நான் எப்போதோ காட்டிய தஞ்சைக் கல்வெட்டுப் படங்களை வைத்துக்கொண்டு, வீட்டில் எழுதி எழுதிப் பழகி, என் பெயரைச் சோழர் கால எழுத்தில் பட்டயத்தின் நடுவில் எழுதியிருந்தார். புள்ளி வைக்காமல், கல்லில் இருப்பது போலவே. எனக்கு முன்னால் அதை விரித்துப் பிடித்தபோது ராஜாவோ ராணியோ என் கண்ணுக்குத் தெரியவில்லை. நீங்கள் பரப்பிக்கொண்டிருக்கும் படத்தில் நான் தலைகுனிந்திருக்கிறேன் இல்லையா? அந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு பேச்சும் காதுக்கு வந்தது. இது நம்மவர்கள் பேசியது இல்லை, எஸ்.சி.ஏ.வுக்கு உள்ளேயே ஒருவர் சொன்னது. "இப்போதெல்லாம் படத்துக்கு இப்படி ஒரு முகம் தேவைப்படுகிறது" என்று. இதற்கு என்னிடம் நிதானமான பதில் இல்லை. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் வெள்ளையர்கள் என்பது உண்மை. புதிதாகச் சேர்ந்தபோது, நீங்கள் யாரோடு வந்த விருந்தாளி என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் நான் எழுதிய பட்டயங்கள் எத்தனையோ வீடுகளின் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றன. அவற்றில் என் முகம் இல்லை. எழுத்துதான் இருக்கிறது. வேலை முடிந்து வந்து, சமைத்து வைத்து, எல்லோரும் தூங்கிய பிறகு விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு எழுதிய எழுத்து. ஒரு பக்கம் எனக்கு ரோஷம் இல்லை என்கிறீர்கள், இன்னொரு பக்கம் எனக்குத் தகுதி இல்லை என்கிறீர்கள். நான் செய்த வேலையை எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

நம்மூர் விருதுகளையும் எனக்குத் தெரியும். காசு கட்டினால் டாக்டர் பட்டம் வீட்டுக்கே வரும். விருது வாங்குபவரே மண்டப வாடகை கொடுத்து, அவரே ஆள் கூட்டி, அவரே பொன்னாடை வாங்கிக் கொடுத்துப் போர்த்திக்கொள்ளும் விழாவுக்கு நானும் போய்க் கைதட்டியிருக்கிறேன். தலைவர்கள் காலில் வரிசையாக விழும் படங்களை நீங்களே இங்கே பகிர்ந்து 'பணிவு' என்று எழுதுகிறீர்கள். யாரிடமும் பல்லைக் காட்டாமல் வாங்கிய ஒன்றுக்கு மட்டும் உங்களுக்குச் சுயமரியாதை ஞாபகம் வருகிறது.

எங்கள் அப்பா கும்பகோணத்தில் போர்டு ஆர்ட்டிஸ்ட். கடைப் பலகை, சுவர் விளம்பரம், கல்யாண வளைவு, கட்சி மாநாட்டுத் தட்டி எல்லாம் எழுதுவார். சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டுவிட்டு, எனாமல் பெயிண்டில் அவர் 'ழ' எழுதுவதைப் பார்க்கத் தெருவில் ஆள் நிற்கும். பாராட்டு விழாத் துணிகளில் எத்தனை பேருக்கு 'அவர்களுக்கு' என்று எழுதியிருப்பார்! மேடையில் அவர்கள் மாலை வாங்கும்போது அப்பா மண்டபத்துக்குப் பின்னால் பாக்கிக் காசுக்காக நின்றுகொண்டிருப்பார். ஃப்ளெக்ஸ் வந்தது. ஓரிரு வருஷத்தில் தொழில் போயிற்று. பிரஷ்ஷையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துத் தகர டப்பாவில் வைத்தார். அப்புறம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதப் போனார். அந்த ஊரில் பாதிக் கடைகளின் பெயரை எழுதிய மனுஷனை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது முன்னால் கூப்பிட்டு "நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள்" என்று நாலு பேர் எதிரில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் போன பிறகும் சொல்லவில்லை.

என் கை அவர் கை. அதைக் கடல் தாண்டி யாரோ பார்த்துக் கூப்பிட்டார்கள். நான் போனேன். 'தமிழுக்கு ஏதாவது செய்யக் கூடாதா' என்று கேட்பவர்கள் அந்தப் பட்டயத்தின் நடுவில் எந்த எழுத்து இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்க்கட்டும். பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. நான் இனி இதைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்லப்போவதில்லை. அத்தைக்குச் சொல்லியாயிற்று, அவர் புரிந்துகொண்டார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் பரப்பும் படத்தின் ஓரத்தில் நிற்பது என் மகள். பள்ளிக்கூடம் போகும் பெண். அவளைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறீர்கள், அவள் அதைப் படித்துவிட்டாள். என்னைப் பற்றி எழுதியதை வைத்துக்கொள்ளுங்கள். அவள் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டு, அவளைப் பற்றிய கருத்துகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். குழுக்களின் நிர்வாகிகள் யார் யார் என்று தெரியும். தனிச் செய்தியிலும் கேட்டிருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.