பத்துக் கேள்வி கேட்டு ஹீரோ கொடுக்கிறார்கள்

இந்த வாரம் முழுக்க என் டைம்லைனில் இதே கூத்துதான். மொபைல் லெஜண்ட்ஸ் என்பது போனில் அணி அணியாக ஆடுகிற ஒரு சண்டை ஆட்டம். 'உங்கள் குணத்துக்கு ஏற்ற மொபைல் லெஜண்ட்ஸ் ஹீரோ யார்?' என்று ஒரு கேள்வித்தாள் சுற்றுகிறது. பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் ஒரு படம் வருகிறது, அதை எல்லாரும் ஷேர் செய்கிறார்கள். செந்தூலில் இருந்து கிள்ளான் வரை எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் இப்போது கூசியோன், ஃபேனி, லான்சலாட் என்று பாய்ந்து கொல்கிற ஹீரோக்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் படத்தைத் தவிர வேறெதையும் போட்டறியாத ஒரு மனிதருக்கு, 'நீங்கள் இருளிலிருந்து பாயும் கொலையாளி' என்று வந்திருக்கிறது. அவரும் மனம் குளிர்ந்து ஷேர் செய்திருக்கிறார். அவர் மனைவி அதற்குச் சிரிப்புப் படம் போட்டிருக்கிறார்.

விளையாட்டுக்குச் செய்வதை ஏன் நோண்டுகிறாய் என்பீர்கள். நோண்டத்தான் போகிறேன், ஏனென்றால் விளையாட்டு நல்ல விளையாட்டு, கேள்விகள்தான் மோசம். 'உங்கள் நண்பர் ஆபத்தில் இருக்கிறார், என்ன செய்வீர்கள்?' என்று ஒன்று. 'ஓடிப்போய்க் காப்பாற்றுவேன்' என்றுதானே எவனும் அழுத்துவான்? 'அவன் சாகட்டும், நான் ஜங்கிளில் (ஆட்டத்தின் காட்டில்) மான் மாடு அடித்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு விடை வைத்திருந்தால் அது நேர்மையான கேள்வித்தாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் நம் ஆட்கள் செய்வது அதைத்தான்.

1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு குணச் சோதனை வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இது உனக்கு எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மதிப்பெண் போடு என்றார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் போனது ஒரே தாள். அதில் இருந்த வரிகளையும் பெரும்பாலும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்துதான் எடுத்திருந்தார். நம் கிளி ஜோசியக்காரருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கட்டில் இருக்கிற எந்தச் சீட்டை எடுத்தாலும், காசு கொடுக்காமல் நீங்கள் எழுந்துபோகிற மாதிரி ஒரு சீட்டு இருக்காது. இந்தக் கேள்வித்தாளும் அப்படித்தான். இவ்வளவு பேர் செய்தார்களே, ஒருவருக்காவது ஆட்டத்தில் கூட்டமாக வந்து சாகிற சில்லறைச் சிப்பாய் மினியன் வந்ததா?

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக. ஐந்து பேருக்கு ஐந்து பேர் சண்டை. மூன்று பாதை, நடுவில் காடு. எதிராளியின் கோட்டையை உடைக்க வேண்டும். டேங்க் (அடி தாங்குபவர்), ஃபைட்டர் (கிட்டப் போய் மோதுபவர்), அசாசின் (பாய்ந்து கொல்பவர்), மேஜ் (மந்திரக்காரர்), மார்க்ஸ்மேன் (தூரத்திலிருந்து சுடுபவர்), சப்போர்ட் (துணை நிற்பவர்) என்று ஹீரோக்களில் ஆறு வகை. ஒருவர் கோல்ட் லேன் என்ற பாதையில் காசு சேர்ப்பார், ஒருவர் ஜங்கிளில் வளர்வார். ஒருவர் மட்டும் 'ரோம்', பெரும்பாலும் டேங்க் எடுப்பவர். அவர் தனக்கென்று எதுவும் சேர்க்காமல் ஊர் சுற்றுவார், கூட நிற்பவருக்குக் காசை விட்டுக்கொடுப்பார், அடிக்கு முதலில் போய் நிற்பார். மேட்ச் முடிந்ததும் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) பட்டம் பெரும்பாலும் அவருக்கு வராது, திட்டு மட்டும் தவறாமல் வரும்.

குணம் தெரிய வேண்டுமா, இந்த ஐந்து பேரும் ஹீரோ எடுக்கிற திரையைப் பாருங்கள். ஐந்து பேரும் முதலில் தொட்டு வைப்பது கோர் ஆட்களை, அதாவது காசு சேர்த்து எதிராளியைக் கொல்கிறவர்களைத்தான். கடிகாரம் ஓடுகிறது. 'டேங்க் யாரு?' என்று ஒருவன் கேட்கிறான். பதில் இல்லை. 'டேங்க் யாரு லா?' மறுபடியும் பதில் இல்லை. கடைசி நொடியில் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு லான்சலாட்டை விட்டுவிட்டு டிக்ரியல் என்ற டேங்குக்கு மாறுவான். மாறாத மீதி நான்கு பேரிடமும் கேள்வித்தாளைக் கொடுத்துப் பாருங்கள், நான்கு பேருமே 'குழுவுக்காக எதையும் விட்டுக்கொடுப்பவர்' என்று வெளியே வருவார்கள்.

டேங்க் என்றதும் கடோத்கசனைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆட்டத்தில் 'கடோட்காச்சா' என்று இருப்பது நம் பீமன் மகனேதான். நம் கடோத்கசன் இடும்பிக்குப் பிறந்த அரக்கன். ஜாவாவின் வயாங் கூத்தில் அவன் வானத்தில் பறக்கிற இளவரசன், கம்பி நரம்பு, இரும்பு எலும்பு. ஆட்டத்துக்கு வந்தவன் அந்த ஜாவாக்காரன். ஆனால் வேலை என்னவோ பாரதத்தில் செய்த வேலைதான். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தைக் கர்ணன் அர்ஜுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தான். ஒரே ஒரு முறைதான் விடலாம். பதினான்காம் நாள் ராத்திரிச் சண்டையில் கடோத்கசன் கௌரவர் படையைத் துவைத்து எடுத்த எடுப்பில், அடியைத் தாங்க முடியாமல் எல்லாரும் கர்ணனைப் பிடித்து உலுக்க, அவன் அதை இவன்மேல் விட்டுவிட்டான். எதிராளியின் ஒரே அல்ட்டிமேட்டை (ஆட்டத்தில் ஒரு ஹீரோவின் பெரிய ஆயுதம்), தன் மார்க்ஸ்மேனான அர்ஜுனனுக்காகக் கடோத்கசன் தன் நெஞ்சில் வாங்கினான். விழுகிறபோதும் உடம்பைப் பெரிதாக்கி ஒரு அக்குரோணி சேனையை நசுக்கிவிட்டுத்தான் விழுந்தான். இதைவிட ஒரு டேங்க் என்ன செய்ய வேண்டும்? கேள்வித்தாளில் இவனுக்கு எழுதியிருப்பது: 'நீங்கள் உறுதியானவர், குடும்பப் பாசம் உள்ளவர்.' சரி. அந்தப் பாசத்துக்கு அவனுக்குக் கிடைத்த கூலியை எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஆனால் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது பாடாங். நம் நாட்டு ஹீரோ, மலாய்க் கதையிலிருந்து ஆட்டத்துக்கு வந்த ஃபைட்டர். 'உடல் வலு மிக்கவர், விசுவாசமானவர், அதிகம் யோசிக்காதவர்' என்று அவன் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். அதிகம் யோசிக்காதவரா? எழுதியவர் செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூலின் பக்கமே போனதில்லை.

கதை இது. பாடாங் ஓர் அடிமை. ஆற்றில் கூடு போட்டு மீன் பிடிப்பான். ஒரு கட்டத்தில் தினமும் போய்ப் பார்த்தால் கூட்டில் முள்ளும் செதிலும்தான் கிடக்கிறது. யாரடா தின்பது என்று ஒளிந்திருந்து பார்க்கிறான், பூதம். பிடித்துக்கொள்கிறான். விட்டுவிடு, கேட்டதைத் தருகிறேன் என்கிறது பூதம். இங்கேதான் ஹீரோ எடுக்கிற திரை. பாடாங் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறான். செல்வம் கேட்டால்? நான் அடிமை, எல்லாம் எஜமானுக்குத்தான் போகும். மாயமாய் மறையும் வித்தை கேட்டால்? என்னைக் கொன்றுபோடுவார்கள். சரி, பலம் கேட்போம், எஜமான் சொல்கிற வேலையையாவது செய்து முடிக்கலாம். பூதம் வாந்தி எடுத்து, அதைச் சாப்பிடு என்றது. சாப்பிட்டான்.

இவனா யோசிக்காதவன்? அவன் கையில் இருந்தது நம் கையில் இருப்பதைப் போல நூற்றுக்கு மேல் ஹீரோ உள்ள பட்டியல் இல்லை. அவன் நிலைமையில் எதை எடுத்தால் தன்னிடமே தங்கும் என்று பார்த்தான். செல்வத்தைப் பிடுங்கலாம், உடம்பில் ஏறிய பலத்தை யாரும் பிடுங்க முடியாது. அவன் பலசாலி ஆனதை அவன் குணம் என்று எழுதுகிறவர்கள், பக்கத்தில் எஜமான் நின்றதை விட்டுவிடுகிறார்கள்.

(நம்மவருக்கு ஒரு கொசுறு. பிறகு இவன் சிங்கப்பூர் அரசனிடம் போய்ப் பெரிய வீரன் ஆகிறான். இவனோடு மோத ஒரு மல்லனை அனுப்பியது கலிங்க நாட்டு ராஜா. நம் பக்கத்து மல்லன் பாறையை முட்டிவரைதான் தூக்கினான், பாடாங் தூக்கி ஆற்று முகத்துவாரத்துக்கே வீசிவிட்டான். தோற்ற கோபம் ஒன்றும் இல்லை, பாடாங் இறந்ததும் அவன் கல்லறைக்குக் கல் அனுப்பியதும் அதே கலிங்க ராஜாதான். தரவரிசைக்காக ஆடுகிற ராங்க்ட் மேட்ச் முடிந்ததும் அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுகிறவர்கள் இதைப் படிக்கலாம்.)

இனி அக்கா மகளுக்கு வருகிறேன். படிவம் நான்கு படிக்கிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஜாலான் ஈப்போ மாமாக் கடையில் நான், அவள், அவள் அண்ணன், அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர், ஆக ஐந்து பேர். மைலோ ஐஸ் வருவதற்கு முன்பே ஆட்டத்தில் ஐந்து பேரும் சேர்கிற லாபி திறந்தாகிவிடும். அவளுக்குப் பிடித்தது ஃபிராங்கோ. தூரத்தில் இருந்து கொக்கி வீசி எதிராளியைத் தரதரவென்று இழுத்து வருகிற முரட்டு டேங்க். அவள் விரல் ஃபிராங்கோவின் முகத்துக்கு மேலே நிற்கும். அண்ணன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வான், 'பாப்பா, நீ ஏஞ்சலா எடு.' அவளும் எடுப்பாள். ஏஞ்சலா என்பவள் சுகப்படுத்துகிற, அடுத்த ஹீரோவுக்குள்ளேயே போய் உட்கார்ந்து கவசமாகிற சப்போர்ட். எத்தனையோ வாரம் இப்படியே போனது. அந்தக் கேள்வித்தாளில் அவளுக்கு என்ன வந்தது தெரியுமா? ஏஞ்சலா. 'பார்த்தியா, நான்தான் அப்பவே சொன்னேனே' என்றான் அண்ணன். அவனுக்கு கூசியோன்.

எனக்கு எரிந்தது அங்கேதான். அவளை ஏஞ்சலா ஆக்கியது அந்த மேஜை. பெண் பிள்ளை என்றால் சப்போர்ட் என்று முடிவு கட்டிக்கொண்டு, பத்துக் கேள்வியிலும் அவள் பழக்கத்தால் சொன்ன பதிலையே அவள் குணம் என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஏஞ்சலா ஆடுவதைக் குறைவாகச் சொல்லவில்லை. யாருக்குள் எந்த நொடி புகுவது என்று வரைபடம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், நல்ல ஏஞ்சலா ஆட்டத்தையே திருப்புவாள். அவளே விரும்பி எடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

இன்னொன்று. 2007இல் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணினி உலகத்தில் சிலருக்கு உயரமான உருவமும் சிலருக்குக் குள்ளமான உருவமும் கொடுத்துப் பணம் பங்கு போடச் சொன்னார்கள். உயரமான உருவம் கிடைத்தவர்கள் கறாராகப் பேரம் பேசினார்கள். குள்ளமான உருவம் கிடைத்தவர்கள் அநியாயமான பங்குக்கும் தலையாட்டினார்கள். உருவங்களை யாரும் குணம் பார்த்துக் கொடுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். போட்டுக்கொண்ட உருவம் ஆளை மாற்றுகிறது. வாரா வாரம் ஒரு பிள்ளையின் கையில் ஒரே ஹீரோவைத் திணிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் குணத்துக்கு ஹீரோ தேடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் போட்டியில் நம் நாட்டு அணி செலங்கூர் ரெட் ஜயண்ட்ஸ், பிலிப்பைன்சின் ஃபால்கன்ஸ் ஏபி பிரென் அணியை 4-3 என்று இறுதி ஆட்டத்தில் அடித்ததே, ஏழாவது கேம் வரை போன ஆட்டம், அதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கேமிலும் எதிராளி எதைத் தடை செய்கிறான், எதை எடுக்கிறான் என்று பார்த்து இவர்கள் மாற்றி எடுக்கிறார்கள். 'நான் இயல்பில் அசாசின், என்னால் டேங்க் எடுக்க முடியாது' என்று எவனாவது உட்கார்ந்திருந்தால் கோச் அவனை பெஞ்சில் வைத்திருப்பார். அதே ஆண்டு டிசம்பரில் எம்6 என்ற இந்த ஆட்டத்தின் உலகப் போட்டி நம் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் முடிந்தது. அங்கேயும் இதே கதைதான்.

என்னைக் கேட்டால், ஒருவன் எந்த ஹீரோ எடுக்கிறான் என்பதைக்கூட விட்டுவிடலாம். பன்னிரண்டாவது நிமிஷத்தில் மூன்று டவர் போய், லார்டும் (காட்டில் இருக்கிற பெரிய அரக்கன்) எதிராளி கைக்குப் போய், யாரோ ஒருவன் தோல்வியை ஒப்புக்கொள்ள சரண்டர் ஓட்டு போட்டபிறகு அவன் என்ன செய்கிறான்? ஒருவன் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு ரொட்டி சானாய் பிய்க்கிறான். ஒருவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சாட்டில் யார் யார் நூப் (ஆடத் தெரியாதவன்) என்று பட்டியல் போடுகிறான். ஒருவன் செத்தால் முட்டையாகிற டிகி என்ற ஹீரோவை எடுத்திருந்தால் முட்டையான பிறகும் உருண்டு உருண்டு போய் எதிராளியைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறான். இந்த மூன்றாவது ஆள்தான் எனக்கு வேண்டிய கூட்டாளி. அவன் கையில் லைலா என்ற மார்க்ஸ்மேன் இருந்தாலும் சரி, பாடாங் இருந்தாலும் சரி.

போன வெள்ளிக்கிழமை அக்கா மகள் ஃபிராங்கோவை எடுத்து, யாரும் வாயைத் திறப்பதற்குள் லாக் செய்துவிட்டாள். முதல் கொக்கி காற்றில் போனது. இரண்டாவது ஒரு மினியனை இழுத்து வந்தது. 'ஐயோ பாப்பா, என்ன இது!' என்று அண்ணன் கத்தினான். எதிராளி பாதிப் பேரைக் காலி செய்துவிட்டான், தோற்றோம். அடுத்த மேட்ச்சில் மறுபடியும் ஃபிராங்கோவை லாக் செய்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

'அண்ணா, சப்போர்ட் இல்லை. நீ ஏஞ்சலா எடு.'

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். நன்றாகத்தான் ஆடினான், சொல்லப்போனால் கூசியோனை விட நன்றாக.